தாய் முகம் காணாத குஞ்சுகள்

நாட்டுக்கோழி அடை காத்துக் குஞ்சு பொரித்ததும், குஞ்சுகளைக் குப்பைமேட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். தாய் கிளறிப் போடுவதை, அதன் எச்சம் பட்ட மண்ணோடு சேர்த்தே அவை கொத்தித் தின்னும். பார்க்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் தாயின் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்ச் சேரும் வழி அதுதான்.

பல்லடம் பக்கம் ஷெட்டில் வந்து இறங்கும் கறிக்கோழிக் குஞ்சுக்கு இந்தத் தாய்வீட்டுச் சீர் கிடையாது. 21 நாள் இன்குபேட்டர் சூட்டில் பொரிந்தது அது. முட்டையின் ஓட்டைக்கூட முன்பே புகை போட்டுச் சுத்தம் செய்திருப்பார்கள். சுமார் 40 கிராம் எடை. வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் வழிக்குக் கட்டுச்சோறு. குடலோ காலி மனை. முதலில் வந்து குடிசை போடுகிறவருக்கே இடம். அது சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியாக இருந்தால் குஞ்சுக்கும் ஆபத்து, நாளைக்கு அந்தக் கறியைத் தின்கிற நமக்கும் ஆபத்து.

1971இல் பின்லாந்துக் கோழிப் பண்ணைகளில் இதுதான் நடந்தது. சால்மோனெல்லா பரவியது, மக்களும் நோயில் விழுந்தார்கள். அங்கே எஸ்கோ நுர்மி, ரந்தாலா என்ற இரு ஆய்வாளர்கள், ஆரோக்கியமான பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்து, புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளிடம் அது ஒட்டவில்லை. 1973இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தக் கட்டுரை, குப்பைமேட்டுத் தாய்க்கோழி காலம் காலமாகச் செய்துவந்ததன் அருமையை உலகுக்குச் சொன்னது என்றே நான் நினைக்கிறேன்.

கோழியின் சிறுகுடல் முடிகிற இடத்தில் இரண்டு பைகள் தொங்கும், குருட்டுக்குடல்கள். நுண்ணுயிர்கள் அதிகம் வாழும் இடம் இதுவே. நல்லவை அங்கே வேர்விட்டால், செரிக்காமல் வந்த நாரை நொதிக்க வைத்து அமிலங்களாக்குகின்றன. அந்தப் புளிப்பு சால்மோனெல்லாவுக்கு ஆகாது. அவற்றில் பியூட்டிரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்கே உணவு. அந்தச் சுவரில் இருக்கும் குடலுறிஞ்சிகள் நன்றாக வளர்ந்தால், தின்ற தீவனம் உடம்பில் ஒட்டும். பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது என்பதால் இது லேசான விஷயமல்ல.

இத்தனை காலமும் இந்த வேலைக்கு ஆன்டிபயாட்டிக்கைத்தான் தீவனத்தில் கலந்துவந்தார்கள். சிறிதளவு கலந்தாலே கோழி வேகமாக எடை போடும் என்பது 1940களின் கடைசியில் தெரியவந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை, மருந்துக்கு அடங்காத கிருமிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை முற்றாக நிறுத்தியது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்க 2019இல் இந்தியாவும் தடை விதித்தது. அந்த இடத்துக்குத்தான் இப்போது நல்ல பாக்டீரியாக்களை அடைத்த புரோபயாட்டிக் பாக்கெட்டுகள் வருகின்றன.

பாக்கெட்டில் இருப்பது உயிர் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தயிரில் இருக்கிற லாக்டோபேசிலஸ் வகை, தீவனத்தைக் குருணையாக்கும் மில்லின் சூட்டிலேயே செத்துப்போகும். பேசிலஸ் சப்டிலிஸ் அப்படியில்லை. தடித்த உறைக்குள் வித்தாக உறங்கும், சூட்டைத் தாங்கிக் குடலுக்குப் போய் விழிக்கும்.

“ஏனுங்க, தண்ணியில கலந்து உட்டாப் போதுமுங்களா?” என்று ஒரு பண்ணைக்காரர் கேட்டார். தொட்டியை எட்டிப் பார்த்தேன், குளோரின் வாடை மூக்கில் ஏறியது. காசு கொடுத்து வாங்கிய உயிரைத் தொட்டியிலேயே கொல்கிறோம். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஒரு கையால் ஆன்டிபயாட்டிக்கும் மறு கையால் புரோபயாட்டிக்கும் கொடுப்பதும் இதே கதைதான்.

பாக்கெட்டில் இருப்பது சில வகைப் பாக்டீரியாக்களே. தாய்க்கோழி கொடுப்பதோ நூற்றுக்கணக்கில். அதனால் ஒரு ஷெட்டில் பலித்தது அடுத்த ஷெட்டில் பலிக்காமல் போகலாம். காற்றோட்டம் இல்லாத, கூளம் நனைந்த ஷெட்டை எந்தப் பாக்கெட்டும் காப்பாற்றாது.

அந்தப் பண்ணைக்காரர் குனிந்து, தரையில் பரப்பியிருந்த தேங்காய் நார்க்கழிவை ஒரு கை அள்ளிப் பிடித்தார். விரல்களை விரித்ததும் உதிர்ந்தது. தண்ணீர்க் குழாயின் நிப்பிளுக்கு அடியில் அள்ளியதோ உருண்டையாக நின்றது. ஒன்றும் சொல்லாமல் குழாயைச் சரிபார்க்கப் போனார்.