தீயணைப்பு நிலையத்தில் வருஷம் முழுக்க என்ன வேலை?



போன பங்குனியில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு உறுப்பினரின் கூரை வீடு எரிந்து போனது உங்களில் பலருக்குத் தெரியும். மதியம் ரெண்டு மணி வெயில், காத்து வேற. துணிமணி, ரேஷன் கார்டு, பிள்ளைங்க புத்தகம் எல்லாம் போச்சு. அவர் குழுவின் பிரதிநிதி என்பதால் தீர்மான நோட்டு, பேரேடு, பதினாலு பேரின் பாஸ்புக் எல்லாம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. அதுவும் சாம்பல். குழுக் கடனில் வாங்கிய ரெண்டு ஆட்டையும் அவிழ்த்து விட யாருக்கும் தோணவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது மண் சுவர் மட்டும்தான் நின்றது. "எல்லாம் முடிஞ்ச பிறகு வர்றாங்க" என்று ஊரே திட்டியது. நாங்களும் சேர்ந்துதான் திட்டினோம்.

பிறகு விசாரித்தால் விஷயம் வேறு. தீ பிடித்து இருபது நிமிஷம் வரை ஒருத்தர்கூட போன் பண்ணவில்லை. எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. வேற யாராவது பண்ணியிருப்பாங்க என்று எல்லாரும் நினைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசினோம். செயற்குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து டவுன் தீயணைப்பு நிலையத்துக்கே நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தோம். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சேதி. துறையின் முழுப் பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நாம் முதல் பாதியை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் வருஷக் கணக்கு பார்த்தால் தீயை விட மீட்பு வேலைக்குத்தான் அதிகம் கூப்பிடுகிறார்களாம். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, மரத்தில் கட்டிய கதண்டுக் கூடு, ரோட்டில் சாய்ந்த மரம், லாரியில் நசுங்கிய ஆள். எல்லாத்துக்கும் இதே வண்டி, இதே ஆட்கள்தான். தீயை அணைக்கவும் உயிரைக் காப்பாற்றவும் வந்தால் கட்டணம் கிடையாது. "வண்டி வந்தா டீசலுக்குக் காசு கொடுக்கணுமாம்" என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பி போன் பண்ணாமல் இருந்துவிடாதீர்கள்.

அவர்களுக்கு வருஷம் எப்படி ஓடுகிறது என்று கேட்டோம். மார்கழி கடைசியில் போகியோடு ஆரம்பிக்கும். தை, மாசியில் அறுப்பு. வைக்கோல் போரும் கரும்புத் தோட்டமும் எரியும். வைக்கோல் ஏற்றிய வண்டி தாழ்வாகத் தொங்கும் கரண்ட் கம்பியில் உரசிப் பற்றிக்கொள்ளும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாசமும் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கூரை வீடு, காய்ந்த புல், குப்பை மேடு என்று ஒன்று மாற்றி ஒன்று. மலையடிவாரத்து ஊர் என்றால் காட்டுத்தீக்கு வனத்துறைக்கும் கைகொடுக்கணும். ஐப்பசியில் தீபாவளி ராக்கெட் கூரையில் விழும். அதோடு மழையும் வந்துவிடும். கார்த்திகை முடிய வெள்ளம், விழுந்த மரம், ஏரியிலும் குட்டையிலும் மூழ்கியவர்களைத் தேடுவது. இதற்கு நடுவில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று போய் ஒத்திகை காட்டுவதும் அவர்கள் வேலைதான்.

சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14 நமக்கு விசேஷ நாள். அவர்களுக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி வந்த கப்பல் பற்றி எரிந்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். அதற்காக ஒவ்வொரு வருஷமும் அன்று மலர்வளையம் வைத்து, ஒரு வாரம் பிரச்சாரம் செய்கிறார்கள். அந்த வாரத்தில் கேட்டால் நம் ஊருக்கும் வந்து செய்து காட்டுவார்கள்.

கூரை பற்றினால் ஏன் அத்தனை சீக்கிரம் முடிந்து போகிறது? காய்ந்த ஓலைக்குள் காற்று இருக்கிறது. தீ மேலே ஏறும்போதே எரிகிற ஓலை பறந்து அடுத்த கூரையில் விழுந்துவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ வகுப்புக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கூரையே கூடாது என்று ஆனது. பள்ளிக்கூடக் கூரையை எடுத்தாச்சு. நம்ம அடுப்படிக் கூரை அப்படியேதான் இருக்கிறது.

வண்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று ஒரு அக்கா கேட்டார். சுமார் 4,500 லிட்டர். கேட்கப் பெரிசாகத் தெரியும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிஷத்தில் காலி. மறுபடி நிரப்ப ஏரியோ, கிணறோ, பம்புசெட்டோ பக்கத்தில் எங்கே என்று ஊர்க்காரர்தான் காட்டணும். நம் ஊரில் எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் வண்டி போக வழி இருக்கிறது என்று உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருதரம் பேசி வையுங்கள்.

போன் பண்ணுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நம்பர் 101. 112 போட்டாலும் சரி. எடுப்பவர் நம்ம டவுன் ஆளாகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. "புதூர்ல தீ, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டால் எந்தப் புதூர் என்று அவர் தேடுவார்? நம்ம வட்டத்திலேயே மூணு புதூர் இருக்கிறது. அதனால் வட்டம், பஞ்சாயத்து, ஊர், எந்த ரோட்டில் எந்த இடத்தில் திரும்பணும், எரிவது வீடா போரா கேஸா, உங்கள் நம்பர், எல்லாம் சொல்லுங்கள். அவர் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். ஒரு பையனை ரோட்டு முக்கில் நிறுத்துங்கள்.

வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் ஆட்கள், அப்புறம் ஆடு மாடு, கயிறு அவிழாவிட்டால் அறுத்து விடுங்கள். கரண்டை நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸ் சிலிண்டரை எடுக்க முடிந்தால் எடுத்துவிடலாம், தீ நெருங்கிவிட்டால் எல்லாரும் தள்ளிப் போய்விடணும். எரிகிற கூரையோடு மல்லுக்கட்டுவதை விட, அடுத்த கூரையை நனைப்பதும் பிரித்துப் போடுவதும்தான் பலன் தரும். தீக்காயம் பட்டால் இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள்.

கேஸ் கசிந்தால் அது காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு படுக்கும். சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்குச் சொல்லலாம். வாணலி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூடினால் அடங்கும்.

எங்களை அதிகம் உலுக்கியது கிணற்றுக் கதைகள்தான். பாழுங்கிணற்றில் விஷவாயு இருக்கும், மூச்சுக்காற்று இருக்காது. தூர் வார இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற அண்ணன் இறங்குவார், அப்புறம் மச்சான். இப்படியே ஒரே வீட்டில் மூணு பேர் போய்விடுவார்கள். மூச்சுக் கருவி போட்ட தீயணைப்பு ஆள் வரும்வரை யாரையும் இறங்க விடாமல் தடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

குளத்தில் தவறி விழுந்தவரையும் கையைப் பிடித்து இழுக்கப் போகாதீர்கள். கரையில் குப்புறப் படுத்துப் புடவையை வீசுங்கள். வாயை அடைத்த ரெண்டு காலி பிளாஸ்டிக் குடத்தைக் கயிற்றில் கட்டி வீசினால் அது ஆளைத் தாங்கும். அங்கே எங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டினார்கள்.

தண்ணீர் இல்லாத ஆழ்துளைக் கிணறு வயலில் திறந்து கிடந்தால் உடனே மூடி போடச் சொல்லுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த ரெண்டு வயசுக் குழந்தையை, எல்லாத் துறையும் மூணு நாளைக்கு மேல் போராடியும் உயிரோடு எடுக்க முடியவில்லை.

கடைசியாக, நம் உறுப்பினர் விஷயம். வீடு எரிந்த பிறகு நிலைய அலுவலருக்கு மனு எழுதிக் கொடுத்தால் தீ விபத்து அறிக்கை தருவார்கள். வி.ஏ.ஓ. பார்த்து எழுதி, தாசில்தார் மூலமாக நிவாரணம் வரும். இன்சூரன்ஸ் கேட்கவும், புதுக் கார்டு வாங்கவும் அந்த அறிக்கை உதவும். அவருக்கு இது தெரியாததால் ரெண்டு மாசம் சும்மா அலைந்தார். ஆட்டுக்கு இன்சூரன்ஸ் போடவில்லை, அதனால் அந்தப் பணம் போனது போனதுதான். கடன் தவணையைக் குழு ஆறு மாசம் தள்ளி வைத்திருக்கிறது. பேரேட்டை வங்கிக் கணக்கை வைத்து மூணு வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அந்தக் குழுவின் பெட்டி இப்போது மாடி வீட்டில் இருக்கிற உறுப்பினரிடம் இருக்கிறது.