பனிமலைக்கு எந்தச் சட்டை?

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சங்க்ரி என்ற சின்ன ஊர். கேதார்கந்தா சிகரம் ஏற வருபவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மதிய வெயிலில் ஊர்த்தெருவில் நிற்கும்போது, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போதும் என்றுதான் தோன்றும். சிகரமோ 3,800 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில், உச்சியில் ஊரைவிட 12 டிகிரி குளிர் அதிகம். அதோடு, கடைசி ஏற்றம் பெரும்பாலும் விடியலுக்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்றும் அடித்தால், முகத்துக்கு அது மைனஸ் 13 டிகிரியாகத் தெரியும்.

குளிர்காலம் இல்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2024 ஜூன் முதல் வாரத்தில், சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தினர் இருந்த 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். மலையில் வானிலை மாற ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் உடம்பில் என்ன இருக்கிறதோ, பையில் என்ன இருக்கிறதோ, அதுதான் துணை.

எந்தச் சட்டையும் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் உடம்பிலிருந்து வருகிறது. துணி செய்வதெல்லாம் அசையாத காற்றைத் தன் இழைகளுக்குள் பிடித்துவைத்து, அந்தச் சூடு தப்பிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் இதைக் கண்ணெதிரே காட்டினார். பலூன் செய்யும் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை நிரப்பித் தைத்த கோட்டை அவர் அணிந்து வந்தபோது, கம்பளியும் ட்வீடும் போட்டிருந்த சக மலையேறிகள் கேலி செய்தார்கள். மேலே குளிர் இறுகியபோது கேலி அடங்கிவிட்டது. இன்றைய டவுன் ஜாக்கெட்டுகளுக்கு அந்தக் கோட்டு முன்னோடி.

காற்றைப் பிடிக்கும் இந்த வேலையைக் கெடுப்பது ஈரம். தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். மலையில் நனைவதற்கு மழையோ பனியோ வர வேண்டியதில்லை. கனமான ஜாக்கெட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடந்தால், அரை மணியில் முதுகு வியர்வையில் ஊறிவிடும். மேலே போய் மூச்சு வாங்க நிற்கும்போது அந்த வியர்வை குளிர்ந்து முதுகில் ஒட்டும். நடுக்கம் ஆரம்பிப்பது அப்போதுதான். உள்ளே பருத்தி பனியன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. நம் ஊர் வெக்கைக்கு வரமாக இருக்கும் பனியன், பனிமலையில் ஆளுக்கே பகையாகிவிடும்.

அதனால்தான் வழிகாட்டிகள் ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக மூன்று அடுக்கு என்கிறார்கள். தோலோடு ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் ஒரு தெர்மல். வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலுறை. இரண்டுக்கும் நடுவில் சூடு காக்கும் சட்டை. கடையில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த நடு அடுக்கில்தான்.

நடந்துகொண்டே போடுவதற்கு ஃப்ளீஸ் சட்டையோ, உள்ளே மெல்லிய செயற்கை நார் வைத்துத் தைத்த சட்டையோ சரி. நார் நிரப்பிய சட்டையில் 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம்) என்று இருந்தால் நடைக்குப் போதும். 100, அதற்கு மேல் என்றால் அது உட்காரும்போது போடுவதற்கு. இந்த நார் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும். தூவி அடைத்தது எடையில் இலேசு, சூட்டில் உசத்தி. ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் பயனற்றுப் போகும். அதைப் பையில் காப்பாற்றி வைத்து, முகாமில் நிற்கும்போது எடுத்துப் போடுவதே புத்தி. லேபிளில் 600, 800 என்று வரும் ஃபில் பவர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் பொங்குகிறது என்பதுதான் அந்த எண். அது தரத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

கடையில் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். இடுப்பு தெரிந்தால், பை மாட்டி ஏறும்போது காற்று நேரே உள்ளே போகும். உள்ளே தெர்மல் போட்ட பிறகும் அக்குளில் இறுக்கம் இருக்கக் கூடாது. இறுகினால் நிரப்பிய நார் நசுங்கி, காற்று தங்க இடமிருக்காது. கழுத்து ஜிப் நெஞ்சுவரை இறங்கினால் நல்லது, வியர்க்கும் முன்பே திறந்துவிடலாம். டவுன் ஜாக்கெட்டைக் கையில் கசக்கி விடுங்கள். நல்ல தூவி மெல்ல மெல்லப் பொங்கி எழும். குச்சி குச்சியாகக் குத்தினால் அதில் இறகு அதிகம்.

‘சுத்தக் கம்பளி’ என்று விற்பதில் பாதி அக்ரிலிக்காக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், தையலோரத்தில் ஒரு நூலை உருவி, வீட்டில் கவனமாகத் தீயில் காட்டலாம். கம்பளி, தலைமயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த மணிபோல இறுகிவிடும். ‘மைனஸ் 20 வரை தாங்கும்’ என்ற வாசகத்தையும் நம்பிவிடக் கூடாது. தூங்கும் பைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சோதனை முறை இருக்கிறது. சாதாரணக் கடை ஜாக்கெட்டில் ‘மைனஸ் 20’ என்பது பெரும்பாலும் தயாரித்தவரின் சொந்த வாக்குதான்.

வாக்கு பொய்த்தால் கேட்க வழி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அதுவும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். மணாலியில் வாங்கிய ஜாக்கெட்டுக்கு மதுரையில் வழக்குப் போடலாம். வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்ய 2019 சட்டம் வழி தந்திருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். ஆனால் நேபாளத்தில், காட்மாண்டுவின் தமேல் பகுதியில் வாங்கிய பிரபல பிராண்டின் நகலுக்கு இந்தக் கதவுகள் திறப்பது கடினம்.

புகார் செய்ய நினைப்பவர் சட்டையைத் துவைக்காமல், லேபிளைக் கத்தரிக்காமல், விளம்பரப் பக்கத்தைப் படம்பிடித்து பில்லோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு தேவைப்படும் குறை என்றால், ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை கேட்க முடியும். அதற்கு முன்பே இழை என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு, கோவையில் சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகங்கள் இருக்கின்றன.