மண்வெட்டி, கோடரிக் காம்புகளை வீட்டிலேயே புதுப்பிக்கலாம்

கருவியின் இரும்பு மழுங்கினால் உடனே கொல்லுப் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறோம். ஆனால் அதன் மரக்காம்பை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வரப்போரத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் காம்பு வெளுத்துச் சொரசொரப்பாகிறது. சிலாம்பு கிளம்பிக் கையில் ஏறுகிறது. பிறகு வெடிப்பு விடுகிறது. வேலையின் நடுவே காம்பு முறிந்தாலும், ஆடிக்கொண்டிருந்த கோடரி கழன்று பறந்தாலும் அருகிலிருப்போரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். நல்ல கருவேலங் காம்பைச் சிறு செலவில் புதுப்பித்துப் பல ஆண்டுகள் பயன்படுத்த முடியும்.

காம்பு கெடுவது ஏன்?

மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. இவ்வாறு மாறிமாறி நடப்பதால் இழைகள் விட்டு வெடிப்பு உண்டாகிறது. காம்பின் பக்கங்களைவிட வெட்டுமுனை வழியாகவே நீர் மிகுதியாக ஏறும்.

ஆடும் காம்பை நீரில் ஊறவைத்து இறுக்குவது நம்மிடையே உள்ள வழக்கம். அப்போதைக்கு அது இறுகுவது உண்மையே. ஆனால் இரும்புக் கண்ணுக்குள் உப்பும் மரத்துக்கு இடமில்லாததால் அதன் இழைகள் நசுங்கிவிடுகின்றன. காய்ந்தபின் காம்பு முன்னைவிட அதிகமாக ஆடும். உலர்ந்த கெட்டி மரத்தில் ஆப்புச் செதுக்கி அடிப்பதே சரியான முறை.

எந்த எண்ணெய் ஏற்றது?

தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றில் உலர்ந்து இறுகுவதில்லை. அவற்றைத் தடவினால் பிசுபிசுத்து அழுக்கு ஒட்டும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் தோலுக்குக் கேடு விளைவிக்கும். பெயிண்ட் அடித்தால் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

ஆளி விதை எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகும் தன்மையுடையது. பிரிட்டிஷ் படையினர் தம் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளின் மரக்கட்டைக்கு இதையே தேய்த்து வந்தனர். பெயிண்ட் கடைகளில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேட்டு வாங்குக. இது விரைவில் உலரும். உலர்த்தும் பொருள்கள் சேர்ந்திருப்பதால் இதை உண்ணக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

செய்முறை

1. முதலில் காம்பை நன்கு சோதிக்கவும். ஆழமான வெடிப்போ, குறுக்கே கீறலோ, கரையான் அரிப்போ இருந்தால் புதுப்பிக்க முயல வேண்டாம். புதுக் காம்பு போடுவதே நல்லது.

2. அழுக்கை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி நீக்கவும். சில்லைக் கெட்டித் துணியால் சுற்றிப் பிடிக்கவும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே தூள் பறக்காதபடி அதை நனைத்துச் சுரண்டவும். பின்னர் இரண்டு மூன்று நாள் நிழலில் உலர விடவும்.

3. அடிபட்டு அமுங்கிய பள்ளத்தின்மேல் ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் சில விநாடிகள் அழுத்தவும். நீராவி பட்டு இழைகள் எழும்பும். வெட்டுப்பட்ட இடம் இவ்வாறு எழும்பாது.

4. 80 ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, 220 ஆம் எண் தாள்களால் இழை ஓடும் திசையிலேயே தேய்க்கவும். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நுண்ணிய இழைகள் சிலிர்த்து நிற்கும். கடைசித் தாளால் மீண்டும் இலேசாகத் தேய்க்கவும்.

5. துணியில் எண்ணெய் தொட்டு மெல்லியதாகத் தேய்க்கவும். வெட்டுமுனைகளுக்கு மட்டும் தாராளமாகப் பூசவும். 15 அல்லது 20 நிமிடங்கள் கழித்து, மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடவும். துடைக்காவிட்டால் பிசின்போல் ஒட்டும்.

6. ஒரு பூச்சு நன்கு உலர்ந்தபின் அடுத்த பூச்சு கொடுக்கவும். மூன்று பூச்சுகள் போதும். முழுவதும் உலர்ந்தபின் கருவியை மாட்டி ஆப்பை இறுக்கவும்.

முக்கிய எச்சரிக்கை

இந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போகும். நெருப்புப் பொறி படாமலேயே துணி தானாகத் தீப்பிடிக்கும். ஆகவே அத்துணியை வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, கூரை வீடு ஆகியவற்றின் அருகே போடவே கூடாது. வேலை முடிந்தவுடன் துணியை நீரில் முக்கி, வெட்டவெளியில் மடிப்பின்றித் தனித்தனியே விரித்துப் போடவும். விறைப்பாகக் காய்ந்தபின் அப்புறப்படுத்தவும்.

ஆண்டுக்கு ஒருமுறை, மரம் நன்கு உலர்ந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு பூச்சு கொடுத்து வந்தால் போதும். களைக்கொத்து, அரிவாள் பிடி, கலப்பையின் மேழி ஆகியவற்றுக்கும் இம்முறையைக் கையாளலாம். ஆடிப்பட்ட வேலை தொடங்குமுன் உங்கள் கருவிகளின் காம்புகளை ஒருமுறை தடவிப் பாருங்கள்.