கூச்சம் மறைப்பதைக் கோடு சொல்லும்

"சலம் போவதில் கஷ்டம் ஏதும் உண்டா?" வைத்தியரின் கேள்வியைத் தமிழில் சொன்னேன். எழுபதைக் கடந்த அப்பெரியவர் நிலத்தைப் பார்த்தபடி, "அப்படியொன்றுமில்லைத் தம்பி" என்றார். இரவில் ஐந்தாறு தடவை எழும்புகிறார் என மகள் முன்னரே என்னிடம் கூறியிருந்தார். அவர் அருகில் இருந்ததே தந்தையின் மௌனத்துக்குக் காரணம்.

வைத்தியர் வற்புறுத்தவில்லை. தனியறையில் இருந்த புனலொன்றைக் காட்டினார்.

சிறுநீர் செக்கனுக்கு எத்தனை மில்லி லீற்றர் வெளியேறுகிறது என்பதை அளக்கும் கருவி அது. 1948இல் அமெரிக்கரான டிரேக், சேரும் சிறுநீரின் நிறையை நேரத்தோடு பதியும் கருவியை விபரித்தார். 1956இல் சுவீடனின் வொன் கரெல்ற்ஸ் இலத்திரனியல் முறையைப் புகுத்தினார். இன்று நிறையை அளப்பனவும், சுழலும் தட்டைக் கொண்டனவும் பாவனையில் உள்ளன. ஆண்களில் உச்ச வேகம் 10க்குக் கீழே இறங்கினால் பாதையில் அடைப்போ, பையின் தசைத் தளர்ச்சியோ இருக்கலாம். எது என்பதை இக்கருவி மட்டும் தீர்மானிக்காது. அதற்கு அமுக்கப் பரிசோதனை வேண்டும்.

கருவியும் தவறும். தாரை புனலில் அசைந்தாலோ, பாத்திரத்தில் கால் தட்டினாலோ பொய்யான ஊசிமுனை தோன்றும்; நோயாளி சுகதேகியாகத் தெரிவார். எனவே 2 செக்கன் சராசரியெடுத்து அம்முனைகளை மழுக்குமாறு சர்வதேச கொன்ரினன்ஸ் சங்கம் 2002இல் பரிந்துரைத்தது.

மற்றத் தவறு மனிதனுடையது. அந்நிய இடத்தில், கதவுக்கு வெளியே ஆள் நிற்க, இயல்பாகச் சிறுநீர் கழிப்பவர் எத்தனை பேர்? 150 மில்லி லீற்றருக்குக் குறைந்தால் அளவீட்டை நம்புவதும் கடினம். ஆகவே வீட்டிலேயே பலமுறை அளக்கும் கருவிகளை வடிவமைக்கின்றனர். ஒன்று, ஒடுங்கிய துளையுள்ள பிளாஸ்டிக் புனல்: வரும் நீர் வெளியேறும் நீரை விஞ்சினால் மட்டம் உயர்ந்து வேகத்தைக் காட்டும். நீரில் விழும் ஓசையைக் கேட்டுக் கணிக்கும் முயற்சிகளும் உண்டு.

அன்று பெரியவரின் கோடு குன்றாக எழவில்லை. தாழ்ந்து நீண்டு கிடந்தது. உச்சம் 7. அதைப் பார்த்த பின்னரே, மகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, அவர் வாய் திறந்தார்.

வாசகர்களே, வைத்தியரிடம் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள், வேறொருவரைக் கேளுங்கள். இப்பரிசோதனையில் ஊசியில்லை, வலியில்லை. குந்தியிருந்தோ இருந்தோ போவதே வழக்கமெனில், வெட்கப்படாது அதைச் சொல்லுங்கள். நாடிழந்த நாம் உடலையும் மௌனத்துக்குப் பலிகொடுக்க வேண்டியதில்லை.