ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் நிற்கவில்லையா?

சரக்கு, விலை, வரி என்று பேசும் நாம் இந்த முறை உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நாம் மருத்துவர் அல்ல. பட்டுத் தெரிந்ததையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்ததையும் மட்டுமே எழுதுகிறோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த சமயம். பழைய இருப்புக் கணக்கு, புதிய பில் முறை, வசூலாகாத பாக்கி என்று மண்டியில் ஒரே நெருக்கடி. அப்போது நமக்கு இடது மார்பில் சுருக்கென்ற வலி, படபடப்பு, சாப்பிட்டதும் வயிற்று உப்புசம். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று. அனைத்தும் நார்மல். ஆனாலும் வலி போகவில்லை. வேறு டாக்டர், வேறு ஸ்கேன் என்று ஓராண்டு அலைந்தோம். "அதான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே" என்றார்கள் வீட்டில். வலியைவிட அந்தச் சொல்தான் அதிகம் வலித்தது.

கடைசியில் ஒரு மூத்த மருத்துவர் ஃபைல் முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. உங்கள் வலியும் உண்மை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்" என்றார்.

இது நமக்கு விளங்கியது கடைத் தராசை வைத்துத்தான். எலக்ட்ரானிக் தராசில் மின்விசிறிக் காற்று பட்டால், தட்டில் சரக்கு இல்லாமலே எண் ஓடும். தராசு உடைந்து போகவில்லை. காட்டும் எண்ணும் கற்பனை இல்லை. உடம்பும் அப்படியே. கவலை நீடித்தால் நெஞ்சு, கழுத்துத் தசைகள் இறுகி வலிக்கின்றன. மூச்சு வேகமானால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் மரமரக்கிறது. குடலில் ஏராளமான நரம்புகள் இருப்பதால் மனத்தின் நெருக்கடி வயிற்றில் தெரிகிறது. வலியைக் கவனிக்கக் கவனிக்க, பயம் கூடி வலியும் கூடுகிறது.

இது இன்றைக்கு வந்த சங்கதி அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களில் பலர் நெஞ்சுவலி, படபடப்பால் அவதிப்பட்டதையும், அவர்கள் இதயத்தில் கோளாறு ஏதும் தென்படாததையும் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். போர்முனைச் சிப்பாய்க்கே வந்ததென்றால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வருவதில் வெட்கம் எதற்கு?

நாம் கடைப்பிடித்தவை:

1. முதலில் முறையான பரிசோதனை. எதற்கெடுத்தாலும் "டென்ஷன்" என்று நாமே முடிவு கட்டுவது ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலும் வரும். காரணமின்றி எடை குறைதல், மலத்தில் இரத்தம், ஒரு பக்கக் கை கால் பலவீனம் போன்றவற்றையும் தள்ளிப் போடக் கூடாது.

2. ஒரே மருத்துவர், ஒரே ஃபைல். வலி வரும்போது மட்டும் ஓடாமல், அவர் சொன்ன தேதியில் போங்கள். புதிய தொந்தரவு வந்தால் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தொந்தரவுக்கே மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பதில் பணம்தான் கரையும்.

3. வலி மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்காதீர்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதியும் வரலாம். தலைவலி மாத்திரையை அடிக்கடி போட்டால், அதுவே தலைவலியை உண்டாக்கும்.

4. வலிக்கும் ஒரு சிட்டை எழுதுங்கள். தேதி, நேரம், அன்று நடந்தது, சாப்பிட்ட நேரம். நமது சிட்டையில், மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத் தள்ளிய நாட்களிலும் பாக்கிக்காரரிடம் சண்டை போட்ட நாட்களிலும்தான் வலி அதிகம் என்று தெரிந்தது.

5. நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், நடை. முதலில் பத்து நிமிடம் நடந்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக விட்டோம்.

6. மருத்துவர் மனநல ஆலோசனைக்கு அனுப்பினால் கோபிக்க வேண்டாம். பைத்தியம் என்று அதற்கு அர்த்தமில்லை. பேச்சு வழிச் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இன்றும் நமக்கு வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தில் அந்தச் சுருக் வலி எட்டிப் பார்க்கிறது. ஆனால் அதற்காகக் கடை மூடுவதில்லை, இரவில் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் மூட்டை தூக்கும் தம்பியோ, வீட்டில் இருப்பவரோ "ரிப்போர்ட் நார்மல், ஆனால் வலிக்கிறது" என்றால், நடிக்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள். "எப்போதெல்லாம் வலிக்கிறது?" என்று உட்கார வைத்துக் கேளுங்கள். நம்மை அப்படி ஒருவர் கேட்ட அன்றுதான் நமக்கும் குணமாகத் தொடங்கியது.