ஸ்லோவுல நிக்காத படகு மோட்டார்

இன்னைக்கு சாஃப்ட்வேர் பக்கமே போகப் போறதில்லை. கார்புரேட்டர் பத்திப் பேசப் போறேன்.

உங்க பைக் 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா, அநேகமா அதுல கார்புரேட்டர் இருக்காது. டிவிஎஸ் எக்ஸ்எல்லே இன்ஜெக்ஷனுக்கு மாறிடுச்சு. ஆனா நம்ம கடற்கரையில பின்னாடி தொங்குற சின்ன அவுட்போர்டு மோட்டார்கள்ல இன்னும் நிறைய அதை நம்பித்தான் ஓடுது. கார்புரேட்டர் மக்கர் பண்ணினா, பைக் மாதிரி ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்க முடியாது.

எங்க ஊர் அச்சங்குளம். சாத்தூர் பக்கம், பட்டாசு ஏரியா, கடலே கிடையாது. எங்களுக்கும் கடலுக்கும் ஒரே தொடர்பு வைப்பாறுதான். வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியா ஓடி (ஓடுதுன்னு ஒரு மரியாதைக்குச் சொல்றேன்) மன்னார் வளைகுடாவுல சேருது. சேர்ற இடத்துக்குப் பக்கத்துல கீழவைப்பார்னு மீனவ ஊர். என் காலேஜ் ரூம்மேட் அந்த ஊர்க்காரன். அவங்க அப்பாவை நான் மாமான்னு கூப்பிடுவேன். அவர்கிட்ட ஒரு பைபர் போட்டும், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டாரும் இருக்கு.

மாமாவுக்குக் கால்ல அடிபட்டு ரெண்டு மாசம் கடலுக்குப் போகலை. திரும்பப் போன அன்னைக்கே மோட்டார் படுத்திடுச்சு. முழு வேகத்துல நல்லா ஓடுது. வலை இழுக்க ஸ்லோ பண்ணினா பொசுக்குனு அணைஞ்சிடுது. கரியாசல்லித் தீவைத் தாண்டி இருக்கும்போது இப்படி ஆகி, நீரோட்டம் படகை அலை உடையுற பக்கமா இழுத்துட்டுப் போக, அடிபட்ட காலோட நின்னு கயிறை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணியிருக்கார். அந்த அரைமணி நேரத்தைப் பத்தி அவர் வீட்டுல சொல்லவே இல்லை. கூடப் போனவர்தான் சொன்னாராம்.

மெக்கானிக் ஒருத்தர் பார்த்துட்டு, "முழு கார்புரேட்டரையும் மாத்தணும்"னு சொல்லிட்டார். அது மாமாவுக்கு ஒரு மாச மீன் காசு. ரூம்மேட்டோ யூடியூப் பார்த்துட்டு, "மாத்துறதுதான் மாத்துறோம், பெருசா போட்டு அப்கிரேடு பண்ணிடலாம்டா"ங்கிறான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: சோக்கை இழுத்துப் பிடிச்சா ஸ்லோவுல நிக்குதா? நிக்குதுன்னான். அப்போ அதைக் கழட்டி எடுத்துட்டு வான்னேன்.

ஏன் அந்தக் கேள்வி? பழைய கொசு மருந்து பம்பு ஞாபகம் இருக்கா? முன்னாடி காத்து வேகமா போகும், அந்த வேகத்துல அழுத்தம் குறையும், கீழ டப்பாவுல இருக்கிற மருந்து மேல உறிஞ்சி வந்து புகையா தெறிக்கும். கார்புரேட்டர் அதேதான். நடுவுல குறுகலான தொண்டை, கீழ ஒரு கப்புல பெட்ரோல். கப்புல ஒரு மிதவை இருக்கும், மட்டம் ஏறினா ஊசி வால்வை அடைச்சிடும். நம்ம டாய்லெட் டேங்க் மாதிரி.

உறிஞ்சுற வழி ரெண்டு. ஆக்ஸிலேட்டரைத் திறந்து ஓட்டும்போது மெயின் ஜெட். மூடி வெச்சு ஸ்லோவுல ஓட்டும்போது ஸ்லோ ஜெட். ரெண்டுமே பித்தளைத் துண்டுல போட்ட துளைதான். என் கைக்கு வந்த ஸ்லோ ஜெட்டோட துளை அரை மில்லிமீட்டர் கூட வராது. முழு வேகத்துல ஓடுதுன்னா மெயின் ஜெட் சரியா இருக்கு. சோக் போடும்போது காத்து குறைஞ்சு பெட்ரோல் பங்கு கூடுது. அப்போ நிக்குதுன்னா, ஸ்லோவுல அதுக்குப் பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். உடைஞ்சது எதுவும் இல்லை, ஒரு துளை அடைச்சிருக்கு. பார்சலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே பாதி டீபக் முடிஞ்சது.

திண்ணையில பேப்பரை விரிச்சு உட்கார்ந்தேன். முதல்ல ஏர் ஸ்க்ரூ. கழட்டுறதுக்கு முன்னாடி மெதுவா உள்பக்கமா திருகி, எத்தனை சுத்துல முட்டுதுன்னு எண்ணி எழுதிக்கணும். எனக்கு ஒன்றரை. எழுதாம கழட்டினா பேக்கப் எடுக்காம டேட்டாபேஸை அழிச்ச மாதிரி. கப்பைத் திறந்தா அடியில வெள்ளையும் பச்சையுமா பொடி, பிசின் மாதிரி ஒரு பழுப்புப் படிவு. ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சேன். வானம் தெரியலை.

குத்திவிடலாம்னு இரும்புக் கம்பியை எடுத்தேன். அப்பா பட்டாசு ஆலையில ஃபோர்மேன். பின்னாடி நின்னு பார்த்துட்டிருந்தவர், "டேய், இரும்பை வை"ன்னார். மருந்து அறைக்குள்ள இரும்புக்கு இடமே கிடையாது, பொறி வந்திடும். மரம், பித்தளைதான். 2021 பிப்ரவரி 12-ல 20 பேருக்கு மேல செத்துப்போன ஊர் இது. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் திண்ணை வரைக்கும் வரும். இங்க காரணம் வேற, ஆனா அவர் சொன்னது சரி. பித்தளையை இரும்பு கீறிடும், துளை பெருசாகிடும், அப்புறம் ஜெட் மேல அச்சடிச்சிருக்கிற நம்பருக்கு அர்த்தமே இல்லை. கார்ப் கிளீனர்ல ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலையில பஞ்சர் கடையில காத்து அடிச்சேன். மிச்சத்துக்கு ஒயருக்குள்ள இருக்கிற ஒத்தைச் செம்பு இழை. வானம் தெரிஞ்சது.

இப்போ அந்தப் படிவு எப்படி வந்தது? ரெண்டு மாசம் கப்புலயே நின்ன பெட்ரோல். நம்ம பங்க்ல இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். கடற்கரையில ஈரத்துக்கா பஞ்சம்? தண்ணி ஒரு அளவைத் தாண்டினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில போய் உட்கார்ந்திடும். டேங்க்ல உறிஞ்சுற குழாயும் அடியிலதான் இருக்கு. டூ ஸ்ட்ரோக்குக்கு இது இன்னும் மோசம், ஏன்னா ஆயிலைப் பெட்ரோல்லதான் கலக்குறோம். ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும், எஞ்சினுக்குப் போறது தண்ணியும் சாராயமும். பிஸ்டன் ஜாம் ஆகுறதுக்கு வேற வினை வேண்டாம்.

இன்னொண்ணு. 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்ஜெக்ஷன் வண்டியில சென்சார் புகையைப் பார்த்து அளவை மாத்திக்கும். கார்புரேட்டர்ல ஜெட் அளவு ஹார்டுகோட் பண்ணினது, எரிபொருள் மாறினது அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால காத்து கொஞ்சம் மிஞ்சி, எஞ்சின் சூடா ஓடும். அமெரிக்காவுல 10 சதவீதத்துக்கு மேல எத்தனால் இருக்கிற பெட்ரோலைப் படகு மோட்டார்ல ஊத்தவே கூடாதுன்னு விதி இருக்கு. இங்க மாமா பங்க்ல நின்னா வேற எதைக் கேட்டு வாங்குவார்? இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. தேவைப்பட்டா கம்பெனி ஜெட்லயே ஒரு நம்பர் பெருசு போடலாம், துளையை நாமே பெருசு பண்றது வேண்டாம். ரூம்மேட் கேட்ட பெரிய கார்புரேட்டர் சுத்த வேஸ்ட். 8 குதிரை எஞ்சின் இழுக்கிற காத்து இவ்வளவுதான், தொண்டையை அகலமாக்கினா காத்தோட வேகம் குறைஞ்சு ஸ்லோ இன்னும் கெடும்.

புது கேஸ்கட் போட்டு, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுத்துல வெச்சு, கீழவைப்பாருக்குக் கொண்டுபோனேன். ஒரு டிரம் நிறைய தண்ணி வெச்சு அதுலதான் ஓட்டிப் பார்த்தோம். தண்ணியில இறக்காம ஸ்டார்ட் பண்ணினா கூலிங் பம்போட இம்பெல்லர் ரப்பர் கருகிடும். மூணாவது இழுப்புல பிடிச்சது. ஸ்லோவுக்குக் கொண்டு வந்தோம், நின்னது. மாமா ஒண்ணும் பேசலை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். பத்து நிமிஷம் அந்தச் சத்தத்தையே கேட்டுட்டிருந்தவர், "நாளைக்கு வலையோட பார்ப்போம் தம்பி"ன்னார்.

மறுநாள் மத்தியானம் ரூம்மேட் போன் பண்ணினான், வலை ஏத்தி முடிக்கிற வரைக்கும் அணையலையாம். இப்போ சனிக்கிழமை கரைக்கு வந்ததும் மாமா படகு தண்ணியில இருக்கும்போதே பெட்ரோல் ட்யூபைக் கழட்டிடுறார். கப்புல இருக்கிறது தீர்ந்து மோட்டார் தானா அணையுற வரைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தை அடி ஸ்க்ரூ வழியா வடிச்சிடுறார். ஆயில் கலந்த பெட்ரோலையும் அந்தந்த வாரத்துக்கு மட்டும்தான் வாங்குறார்.