திரியும் மரபணுவும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் முன்பு உருவாகிவந்த சரவெடியில் வெடிகள் பல. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்வது அவற்றை இணைக்கும் திரி. மருந்து முழுவதும் முன்னரே நிரப்பப்பட்டிருந்தாலும், எது எப்போது வெடிக்கவேண்டும் என்பதைத் திரியே முறைப்படுத்துகிறது. தாயின் கருப்பையில் வளரும் கருவிலும் இத்தகைய முறைவைப்பு உண்டு.

ஒரே நூல், வேறு பக்கங்கள்

மனிதரிடம் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. நரம்புச் செல்லுக்கும் தோல் செல்லுக்கும் அவை பொதுவானவை. அவற்றுள் எவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்பதே செல்லின் இயல்பை வேறுபடுத்துகிறது. படியெடுத்தலைத் தூண்டவோ தடுக்கவோ வல்ல புரதங்கள் 'படியெடுத்தல் காரணிகள்' எனப்படும்.

கருவின் முதல் நாள்கள்

கருவுற்ற முட்டை தொடக்கத்தில், தாய் சேமித்து வைத்த ஆர்.என்.ஏ.வைக் கொண்டே பெரிதும் இயங்குகிறது. மூன்றாம் நாளளவில், எட்டுச் செல் நிலையில், மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் விழித்தெழுகின்றன. அவ்விழிப்பு நிகழாவிடில் கரு வளராது.

ஐந்தாம் நாளளவில் கருக்கோளம் உருவாகிறது. அதன் புறச்செல்கள் நஞ்சுக்கொடி உருவாக வழிவகுக்கின்றன. உட்செல் திரளிலிருந்து உடல் உருவாகிறது. இவ்வுட்செல்களே எவ்வுறுப்பாகவும் மாறவல்ல குருத்தணுக்களின் ஊற்று. எலிக் கருவில் ஆக்ட்4, நானோக் ஆகிய காரணிகள் உட்செல்களின் இயல்பைக் காக்கின்றன, சி.டி.எக்ஸ்2 புறச்செல்களின் இயல்பை நிலைநிறுத்துகிறது. கரு கருப்பையில் பதியும் காலத்தில் நானோக் குறைகிறது. ஆக்ட்4 மறைவதில்லை, ஓ.டி.எக்ஸ்2 என்னும் புதிய துணையுடன் இணைந்து வேறு மரபணுக்களை இயக்குகிறது. இவ்வாறு குருத்தணுக்கள் உறுப்புகளாக மாற ஆயத்தமாகின்றன.

மீளும் செல்

எரிந்த திரி மீளாது, செல்லோ மீளக்கூடியது. ஜப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா, நான்கு காரணிகளுக்குரிய மரபணுக்களைச் செலுத்தி, எலியின் முதிர்ந்த செல்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பியதை 2006ஆம் ஆண்டு வெளியிட்டார். 2012இல் ஜான் குர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் குருத்தணு ஆய்வு மையம் இயங்கிவருகிறது.

எனினும், அந்நான்கனுள் ஒன்றான சி-மிக் புற்றுநோயோடும் தொடர்புடையது. முறை தவறிய திரி விபத்தாவதுபோல, முறை தவறிய படியெடுத்தல் கட்டியாகலாம். எனவே, எந்நோயையும் குருத்தணு தீர்க்கும் என்னும் விளம்பரங்களை ஆராய்ந்தறிதல் நம் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாள்களுக்கு மேல் வளர்ப்பதைத் தடைசெய்கின்றன.